அக்ரூட் மர வளைவு

மொதேனா
12 ஜனவரி 1964

அன்புத் தங்கை ஐரிஸுக்கு,

அண்ணன் நெல்லோ எழுதுவது. மடத்தில் உனக்கு வைத்த பெயரில்தான் எழுத வேண்டும் என்று தெரியும். ஆனால் சிஸ்டர் செராஃபினா என்று ஆரம்பித்தால் யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு எழுதுவதுபோலக் கை நின்றுவிடுகிறது. நானும் அம்மாவும் நலம். உன் தொண்டை வலி எப்படி இருக்கிறது? கடவுள் இருந்தால் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பரில் பனியில் வழுக்கி விழுந்தேன் என்று எழுதினேனே, அந்தத் தோள் எலும்பு கூடிவிட்டது. மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கிறேன். கார் கட்டுகிற எங்கள் கொட்டகையில் புது வண்டி பிறந்திருக்கிறது. பன்னிரண்டு சிலிண்டர். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, அலுமினியம் அப்படியே வெளுத்துக் கிடக்கிறது. இந்த வண்டி ஓடினால் கொட்டகை ஓடும். ஓடவில்லை என்றால் முதலாளி மலாகோலி உட்பட நாங்கள் எல்லோரும் டிராக்டர் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதைப் பழக்குகிற வேலை எனக்கு. அப்பா சொல்வாரே, புது எஞ்சினுக்குள் எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று அன்னியம் என்று. முதலில் மெதுவாக மேட்டில் ஏற்றி, இறக்கத்தில் எஞ்சினாலேயே பிடித்து இறக்கி, ஆயிலை மாற்றி, மறுபடி ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் சுற்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஜூன் மாதம், புனித யோவான் திருநாளுக்கு முந்தின நாள், வாங்குகிற ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். அன்று ஆற்றுப் பாலத்திலிருந்து கணவாய் வரைக்கும் முழு வேகத்தில் நான் ஏற்றிக் காட்ட வேண்டும். மறுநாள் திருநாளன்று நீ ஆயுள் முழுக்கக் கன்னியாஸ்திரீயாக இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாய். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வாரத்தில் பரீட்சை.

உங்கள் மடத்து வழியாகத்தான் வருவேன். பக்கத்து இருக்கையில் ஆள் கனத்துக்கு ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டியிருப்போம். அதற்குக் கொட்டகையில் மாமியார் என்று பெயர். எத்தனை வேகமாகப் போனாலும் ஒரு வார்த்தை பேசாத மாமியார் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

அம்மா மாவு பிசைந்துகொண்டே கேட்கச் சொல்கிறாள்: "அந்த சூப்புல கறி ஏதாச்சும் கண்ணுல படுதா, இல்ல வெறும் தண்ணிதானான்னு கேளுடா. ஜெபம் பண்ண தெம்பு வேணாமா?"

அன்புடன்,
நெல்லோ

(ஓரத்தில் நீலப் பென்சிலில்: பார்த்தேன். இருக்கிறார். கறி ஞாயிற்றுக்கிழமைகளில் உண்டு. — மதர் ஜெனொவெஃபா)


மலை மடம்
28 ஜனவரி 1964

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். தொண்டை சரியாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலிக்கு நாங்கள் காய்ச்சும் தைலம் ஒரு குப்பி அனுப்பியிருக்கிறேன். உன் தோளிலும் தேய்த்துக்கொள். வருகிற போகிற கடிதங்களை எல்லாம் படிக்கிற எங்கள் தலைவி மதர், உன் கடிதத்தின் ஓரத்தில் "இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். இனிமேல் அந்த "இருந்தால்" வேண்டாம்.

உன் வண்டி வந்தது. தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே பாலத்தில் முதலில் ஒரு மூச்சு மாதிரி கேட்டது. பிறகு மூடுபனிக்குள்ளேயே அது ஏறி ஏறி வந்தது. அப்பா நம் கண்ணைக் கட்டிவிட்டு, பட்டறை வாசலில் போகிற வண்டி எது என்று கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? எப்போதும் நான்தான் ஜெயிப்பேன், நீ என் பின்னலைப் பிடித்து இழுப்பாய். இந்தச் சத்தம் நான் கேட்காத சத்தம். கத்தி என் கையிலேயே நின்றுபோனது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நான் எதுவும் பேசவே இல்லை. முகம் பேசியிருக்கும் போலிருக்கிறது.

ஒரு குறை. எங்கள் மதில் பக்கம் அக்ரூட் மரத்து வளைவு வந்ததும் நீ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறாய். மடத்துக்கு மரியாதை என்று நினைத்திருப்பாய். அந்த இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துபோகிறது. எடுக்காதே.

இன்னொன்று கேட்க வேண்டும். மதிலுக்கு அப்புறம் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது? ஆறு வருடமாக எல்லா வண்டியும் வலப் பக்கம் போவதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது. இங்கே வந்த அன்று அழுதுகொண்டு வந்ததால் நான் பார்க்கவில்லை.

தவக்காலம் முழுக்கக் கடிதம் கிடையாது. அதற்குள் ஒன்று எழுது.

உன் தங்கை,
சிஸ்டர் மரிய செராஃபினா

(ஓரத்தில்: பார்த்தேன். இடப் பக்கம். — மதர்)


மொதேனா
8 பிப்ரவரி 1964

அன்பு ஐரிஸுக்கு,

நலம், நலமறிய ஆவல். தைலம் வந்தது. அம்மா அதை முழங்காலில் தேய்த்துவிட்டு, "இது சொர்க்கத்துக்குப் போற வாசனையா, இல்ல கருப்பூரமா?" என்று கேட்டாள். வலி குறைந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் மதர் சொன்னது சரி, சாலை இடப் பக்கம்தான் திரும்புகிறது. எதிரே ஒரு பாறை நிற்கிறது. மெல்லப் போகிற வண்டியின் சத்தம் அதில் பட்டு உங்கள் பக்கம் திரும்பி வருகிறது. அதனால்தான் உனக்கு வலம் என்று கேட்கிறது.

இப்போதெல்லாம் காலையில் கிளம்பும்போது சமவெளி முழுக்க மூடுபனி. பாப்லர் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று, யாரென்று பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. சாலை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது, சக்கரத்தின் சத்தத்தை வைத்து நம்பிக்கொள்ள வேண்டியதுதான். மலையில் ஏற ஏற மேலே வெளிச்சம் பால் மாதிரி ஊறும். ஒரு திருப்பத்தில் சட்டென்று பனி கீழே போய்விடும். நானும் மாமியாரும் மட்டும் வெயிலில் இருப்போம். கீழே ஊரும் ஆறும் கொட்டகையும் எதுவுமே இல்லாததுபோல வெள்ளையாகக் கிடக்கும். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் திரும்புவேன். எஞ்சின் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும். அது தூக்கத்தில் பேசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

முதலாளி அவசரப்படுத்துகிறார். "நெல்லோ, குழந்தைய இன்னும் எத்தன நாளைக்கு இடுப்புலயே வச்சுக்கப் போற? எறக்கி விடுய்யா, நடக்கட்டும்." நான் சொன்னேன்: "எறக்கி விட்டு கால ஒடிச்சுக்கிட்டா யாரு முதலாளி பொறுப்பு?" சிரித்தார். பொறுமையான ஆள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாராம்.

இனி ஈஸ்டருக்குப் பிறகுதான் கடிதம். உன் வார்த்தைப்பாட்டுக்கு அம்மா புதுச் செருப்பு வாங்கப் போகிறாள், பார்ப்பதற்குக் கம்பிச் சன்னல் மட்டும்தான் என்றாலும்.

நெல்லோ

(ஓரத்தில்: பார்த்தேன். கருப்பூரம் இல்லை, ரோஸ்மேரி. — மதர்)


மலை மடம்
30 மார்ச் 1964

சேசுவுக்குத் தோத்திரம். உயிர்ப்பு விழா வாழ்த்துகள்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் நலம்.

தவக்காலம் முழுக்க எழுதத் தடை இருந்ததே தவிர, கேட்பதற்குத் தடை இல்லை. நீ போகிற ஒவ்வொரு நாளும் கேட்டேன். அண்ணா, ஜனவரியில் கேட்ட அதே பாட்டுத்தான். முட்டைக்கோஸ் முடிந்து பட்டாணி விதைத்துவிட்டோம், உன் வண்டி மட்டும் அதே இடத்தில் அதே கியரில் முனகிக்கொண்டு போகிறது. ஒரு நாள்கூட அது வாய் திறந்து பாடி நான் கேட்கவில்லை.

போன வாரம் துணி துவைக்கிற சிஸ்டர் மதரிடம் புகார் சொன்னார்: "மதர், வெள்ளத் துணியெல்லாம் ஆயில் நாத்தம் அடிக்குது. எவனோ நம்ம மதிலோரம் பணியாரம் சுடுறான்." நான் போய்ப் பார்த்தேன். அக்ரூட் மரத்தின் மேல் நீலப் புகை நின்றிருந்தது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது என்று பட்டறையில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது நோஞ்சானாகிக்கொண்டிருக்கிறது, உனக்கும் தெரியும்.

பால் கொண்டுவருகிற ஆள் வாசல் சிஸ்டரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். நவம்பரில் நீ பனியில் வழுக்கி விழவில்லை. பனாரோ ஆற்றங்கரையில் வண்டியோடு கவிழ்ந்திருக்கிறாய்.

அண்ணா, உனக்கு வேகத்தைக் கண்டு பயம் வந்துவிட்டதா? என்னிடம் சொல். இங்கே சொல்வது சாலைக்குப் போகாது.

உன் தங்கை

(ஓரத்தில்: பார்த்தேன். துணிகளை மறுபடி துவைத்தாயிற்று. — மதர்)


மொதேனா
5 ஏப்ரல் 1964

ஐரிஸுக்கு,

எல்லோரும் நலம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஒரு வண்டியை எப்படிப் பழக்குவது என்று முட்டைக்கோஸ் வெட்டுகிறவர்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ உன் ஜெபத்தைப் பார், நான் என் வேலையைப் பார்க்கிறேன். பால்காரனிடம் வாயை மூடச் சொல்.

நெல்லோ

(ஓரத்தில்: பார்த்தேன்.)


மொதேனா
26 ஏப்ரல் 1964

அன்பு ஐரிஸ்,

நீ பதில் எழுதவில்லை. எழுதாதது நியாயம்தான். இந்த மூன்று வாரமும் தபால்காரன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உடம்பு நன்றாக இருக்கிறாயா? அதையாவது எழுது.

எஞ்சினைப் பிரித்துவிட்டோம். வண்டி ஆயிலைக் குடிக்கிறது என்று முதலாளியே கண்டுபிடித்துவிட்டார். சிலிண்டர் ஒவ்வொன்றையும் விளக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. எப்படி மின்னுது, கண்ணாடி மாதிரி! அழகா இருக்கில்ல?"

"இருக்கு, முதலாளி."

"இந்த அழகுதான்யா நோய். ஆரம்பத்துல கொஞ்சம் அழுத்தம் குடுத்து ஓட்டியிருந்தா பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசி ஒண்ண ஒண்ணு பிடிச்சிருக்கும். நீ தடவித் தடவிக் குடுத்து வழுவழுன்னு ஆக்கி வச்சிருக்க. இப்ப அதுக்குப் பிடிப்பே இல்ல. பொறுமைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, நான் ஒரு மடையன்." பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: "திட்டணும்னு இல்லடா. சுவரச் சுரண்டி, புது ரிங் போட்டு மறுபடி பூட்டித் தரேன். மே கடைசிக்குள்ள இத ஒழுங்கா ஏத்திக் காட்டு. முடியலன்னா சொல்லிடு, மிலானோவுல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துடுறேன். கொட்டகைல இத்தன குடும்பம் இருக்கு."

கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன் ஐரிஸ்? எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். நவம்பரில் முந்தின வண்டியோடு மூடுபனியில் கவிழ்ந்தேன். ஒரு சர்க்கரைக்கிழங்கு வயலில் வண்டி தலைகீழாகப் போய் விழுந்தது. ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொங்கினேன். எஞ்சின் நின்றுவிட்டது. மாமியார் மூட்டை கிழிந்து மணல் மெல்ல, சரசரவென்று கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. வெளியே எல்லாம் வெள்ளை. வலி இல்லை, குளிர் இல்லை. வேலை இல்லை, நேரம் இல்லை. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு அடிபட்டதில் பயம் இல்லை. அந்த அமைதி பிடித்துப்போனதே, அதுதான் பயம். சுற்று கூடும்போதெல்லாம் அந்த வெள்ளை எங்கேயோ பக்கத்தில் நிற்கிறது. கூப்பிட்டால் போய்விடுவேனோ என்று காலை எடுத்துவிடுகிறேன். இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? முதலாளியிடம்? உன்னிடம்தான் சொல்ல முடிந்தது. உங்கள் மதரும் படிப்பார், படிக்கட்டும்.

கோபம் வேண்டாம்.

அண்ணன்

(ஓரத்தில்: பார்த்தேன். கடிதம் வந்த அன்றைக்கே கொடுத்துவிட்டேன். — மதர்)


மலை மடம்
4 மே 1964

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கோபம் இல்லை. உன் முந்தைய கடிதத்துக்கு எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டேன், அதில் முட்டைக்கோஸ் பற்றி நிறைய இருந்தது.

நீ சொல்கிற அமைதி எனக்குத் தெரியும். அப்பா இறந்த அந்த வாரம் பட்டறையில் எல்லாச் சத்தமும் நின்றதே. நீ சாவு வேலைகளுக்கு அலைந்துகொண்டிருந்தாய், அம்மா படுத்துவிட்டாள். நான் மட்டும் பட்டறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சுத்தியல் எல்லாம் மாட்டின இடத்தில் தொங்கின. அங்கேயே இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அது பிடித்துப்போய்விட்டது. அதைத்தான் நான் அழைப்பு என்று எல்லோரிடமும் சொன்னேனோ என்று சில நாள் காலையில் தோன்றுகிறது. வேறு சில நாள் தோன்றுவதில்லை.

இங்கே வந்து பார்த்தால் அந்த அமைதி இங்கே இல்லவே இல்லை. மணி அடிக்கிறது. சிஸ்டர்கள் இருமுகிறார்கள், சூப்பு ஊதிக் குடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு அமைதி கிடைத்திருக்கிறது, அவர்கள் முகத்தில் பார்க்கிறேன். எனக்கு... போகட்டும். உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மணல் எல்லாம் விழுந்து முடிந்த பிறகு என்ன நடந்தது? நீ பாதியில் நிறுத்திவிட்டாய். நீ அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லையே, யாரோ உன்னை வெளியே எடுத்திருக்க வேண்டும். அதை எழுது.

போன இரவு ஒரு கனவு. நான் உன் வண்டியில் மாமியார் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் முட்டைக்கோஸ். பனியை விட்டு மேலே வந்ததும் நீ நிறுத்துகிறாய், எஞ்சின் தூக்கத்தில் பேசுகிறது. என்ன பேசுகிறது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது, எழுந்ததும் மறந்துவிட்டது.

உன் தங்கை

(ஓரத்தில்: பார்த்தேன். இரண்டு முறை. — மதர்)


மொதேனா
25 மே 1964

அன்பு ஐரிஸுக்கு,

நலம். அம்மாவும் நலம், செருப்பு வாங்கிவிட்டாள், காலைக் கடிக்கிறதாம்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். மணல் தீர்ந்தது. அப்புறம் சேற்றில் பூட்ஸ் சத்தம். பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அந்த வயலுக்குச் சொந்தக்காரன்.

"யோவ், உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப எறங்குய்யா! என் கிழங்கு மேலயே நிக்கிற! நாளைக்கு லாரி வருது, இத எவன் தோண்டுவான், உங்கப்பனா?"

திட்டிக்கொண்டே என்னை இழுத்து வெளியே போட்டான். திட்டிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினான். அவன் பெண்டாட்டி கொண்டுவந்த சூட்டு ஒயினை என் வாயில் ஊற்றும்போதும் கிழங்கைப் பற்றித்தான் பேசினான். எனக்கு முதலில் எரிச்சல். பிறகு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை ஐரிஸ். ஒருத்தன் என்னைத் திட்டுகிறானே என்று அத்தனை சந்தோஷமாக இருந்தது. இந்த ஆறு மாதமும் நான் மணலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிழங்குக்காரனை மறந்தே போனேன். நீ கேட்ட பிறகுதான் அவன் திரும்பி வந்தான்.

போன ஞாயிறு ஒரு பாட்டில் லம்ப்ருஸ்கோ ஒயின் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்வந்தேன். இன்னும் திட்டுகிறான்.

எஞ்சின் பூட்டியாகிவிட்டது. இந்தத் தடவை முதல் மேட்டிலிருந்தே அழுத்தம் கொடுத்தேன். பயந்துகொண்டேதான் கொடுத்தேன், மறைக்கவில்லை. வெள்ளை பக்கத்தில் வரும்போதெல்லாம் "எறங்குய்யா" என்று நானே சத்தமாகக் கத்திக்கொள்கிறேன். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், ஆயில் கறையே இல்லை, பிஸ்கட் நிறத்தில் அத்தனை சுத்தம். முதலாளி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார். மிலானோக்காரனுக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் ஒன்று, அக்ரூட் மர வளைவில் மட்டும் இன்னும் கால் தானாக மேலே வந்துவிடுகிறது. மற்ற எல்லா இடத்திலும் ஜெயித்துவிட்டேன், அங்கே முடியவில்லை. அங்கேதான் சாலை கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குப் பின்னால் போகிறது. வாங்குகிறவர்கள் நிற்கப்போவதும் அந்த வளைவில்தான்.

இப்போது என் முறை. ஜனவரியிலிருந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். உன் வார்த்தைப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முட்டைக்கோஸ் இருக்கிறது, பட்டாணி இருக்கிறது, என் கியர் இருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் ஆயுள் முழுமைக்கும் ஒரு சத்தியம் செய்யப்போகிறவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டாளா?

அண்ணன்

(ஓரத்தில்: பார்த்தேன். அந்த விவசாயிக்காக ஜெபிக்கிறோம். — மதர்)


மலை மடம்
8 ஜூன் 1964

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவின் செருப்புக்குள் ஈரக் காகிதம் திணித்து வைக்கச் சொல், கடிக்காது. கிழங்குக்காரர் நன்றாக இருக்கட்டும்.

இந்த வருடம் அக்ரூட் மரத்தில் நிறையக் காய். திருநாளன்று பச்சைக் காயாகப் பறித்து மது ஊறப்போட வேண்டும், சாறு பட்டு எல்லோர் கையும் ஒரு மாதத்துக்குக் கருப்பாக இருக்கும். இரவில் தோட்டம் முழுக்க மின்மினி.

கேட்க வேண்டும் என்று இருந்தேன். உன் மாமியார் என்ன எடை?

உன் தங்கை

(ஓரத்தில்: பார்த்தேன்.)


மொதேனா
15 ஜூன் 1964

அன்பு ஐரிஸுக்கு,

நலம். செருப்பு சரியாகிவிட்டது.

மாமியார் எழுபது கிலோ. எதற்குக் கேட்கிறாய்? அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய் உன் பழைய நீல கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். "ஏம்மா?" என்றேன். "பூச்சி அரிச்சிடும்ல, அதான்" என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி காலை. போலீஸ்காரர்கள் இரண்டு முனையிலும் நின்று மாட்டு வண்டிகளை நிறுத்திக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் பார்க்க ஆசை. வளைவில் காலை எடுத்தால் வண்டி விலைபோகாது, அதுகூடப் பெரிதில்லை. எடுத்தால் இனி நான் எப்போதும் எடுப்பேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு வருகிறேன். எடுக்க மாட்டேன் ஐரிஸ்.

அண்ணன்

(ஓரத்தில்: பார்த்தேன். பசுக்களையும் கோழிகளையும் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். — மதர்)


மலை மடம்
23 ஜூன் 1964

சேசுவுக்குத் தோத்திரம்.

மதிப்பிற்குரிய திரு. நெல்லோ அவர்களுக்கு,

மதர் ஜெனொவெஃபா எழுதுவது. நீங்களும் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரை வருடமாக ஓரத்தில் மட்டுமே எழுதி வந்தேன். இன்று முழுப் பக்கமும் எனக்கு வேண்டியிருக்கிறது. தபாலுக்குக் காத்திராமல் ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று காலை உங்கள் தங்கையை என் அறைக்கு அழைத்திருந்தேன். நாளை பீடத்தின் முன் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். நல்ல பெண். எல்லாரையும் நேசிக்கிறாள், வேலைக்கு அஞ்சுவதில்லை. ஆறு வருடமாக அவளுக்கு நாங்கள் காத்திருந்தோம். பதில் சொல்ல வாய் எடுத்தாள், எடுத்தபடியே நின்றாள். கீழே பாலத்தில் உங்கள் வண்டி கேட்டது.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில் அவள் ஒரு நாளும் அப்படிக் கண் மூடி நான் பார்த்ததில்லை. நீங்கள் ஏற ஏற, அங்கிக்கு அடியில் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே போனது. அக்ரூட் மரம் வந்தது. அவள் மூச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் எடுக்கவில்லை.

மதில் அதிர்ந்தது. கூரையில் ஒரு ஓடு விழுந்து உடைந்தது, பரவாயில்லை. அந்தச் சத்தம் பாறையில் முட்டித் திரும்பவில்லை, அந்த எதிரொலியையும் கூட இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெகுநேரம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு உங்கள் தங்கை கண்ணைத் திறந்தாள். "மதர், இடப் பக்கம்தான் போகுது. எனக்குக் கேட்டுச்சு மதர், இடப் பக்கம்" என்று சொல்லிக் குழந்தைபோல அழுதாள். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எனக்குப் புரிந்தது. அவளைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

அவளுடைய தற்காலிக வார்த்தைப்பாடு நாளையோடு முடிகிறது, நித்திய வார்த்தைப்பாடு அவள் கொடுக்கப்போவதில்லை. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. தாயாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். காய் பறிக்க நாளைக்கு ஆள் போதாது, ஆகவே பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள், கை கருப்பாக இருக்கும். நாளை மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். நீல கவுனை எடுத்து வாருங்கள். போன வருடத்து அக்ரூட் மது ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் கிழங்குக்காரருக்குக் கொடுங்கள்.

ஒரு சிறு விஷயம். வளைவை விட்டு வெளியேறும்போது கியரைக் கொஞ்சம் சீக்கிரமே மாற்றிவிட்டீர்கள் என்று அவள் சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வண்டியிலேயே வாருங்கள். அவள் எழுபது கிலோவெல்லாம் இல்லை, எங்கள் சூப்பு அப்படி. வரும்போது மாமியாரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
மதர் ஜெனொவெஃபா

(ஓரத்தில், அதே நீலப் பென்சிலில், வேறு கையெழுத்தில்: பார்த்தேன். — ஐரிஸ்)